உறை மாறினால் சரக்கு மாறுமா? வெல்ஸின் இலட்சிய உலகமும் 'டோனோ-பங்கே'யின் இறுதி அத்தியாயமும்

எச். ஜி. வெல்ஸின் 'டோனோ-பங்கே' நாவலைப் பற்றி எழுத வரும் எவரும் மார்க் ஷோரருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடிகிறது. 1948இல் 'ஹட்சன் ரிவ்யூ'வின் முதல் இதழில் அவர் எழுதிய 'டெக்னிக் ஆஸ் டிஸ்கவரி' என்ற கட்டுரை, எழுத்தாளன் தன் பொருளைத் தேடிக் கண்டடைவதே உத்தியின் வழியாகத்தான் என்று வாதித்தது. உத்தியை மதிக்காதவனுக்கு என்ன நேரும் என்பதற்கு அவர் காட்டிய சான்று 'டோனோ-பங்கே'. அக்கட்டுரையில் வெல்ஸுக்குக் கிடைத்த இடம் சில பக்கங்களே. ஆயினும் அந்தச் சில பக்கங்கள் ஒரு தலைமுறை வாசகர்களுக்கு இந்நாவலை ஒரு தோல்வியாகவே அறிமுகப்படுத்தின. அந்தத் தீர்ப்பின் அடித்தளம் ஒரே அத்தியாயத்தின் மீது நிற்கிறது. அந்த அத்தியாயத்தை ஷோரர் முழுமையாகப் படிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஷோரர் சொல்வதை முதலில் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். நாவல் டிக்கன்ஸ் பாணியில் தொடங்கி, ஷா, கான்ராட் எனப் பிறர் குரல்களில் மாறி மாறிப் பேசி, கடைசியில் ஜூல் வெர்ன் பாணிக் காட்சியில் முடிகிறது என்பது அவருடைய முதல் குற்றச்சாட்டு. இரண்டாவதுதான் கனமானது. வீண் செலவையும் வீண் உழைப்பையும் சமூகச் சீரழிவையும் நூல் நெடுகச் சாடிய ஆசிரியர், இறுதியில் ஜார்ஜ் பொண்டரெவோ என்ற பொறியாளனை எக்ஸ்2 என்ற நாசகாரிப் போர்க்கப்பலில் ஏற்றித் தேம்ஸ் நதி வழியே கடலுக்கு அனுப்புகிறார். அறிவியலின், உண்மையின் குறியீடாக அந்தக் கப்பல் போற்றப்படுகிறது. வீணடிப்புகளிலெல்லாம் பெரிய வீணடிப்பு போர்க்கருவி. அதையே விடிவாகக் காட்டியது, ஆசிரியர் சொல்ல வந்ததற்கு நேர் எதிரானது. இதில் முரண்நகை ஏதும் வெல்ஸால் உத்தேசிக்கப்படவில்லை. உத்தியைப் புறக்கணித்ததால் கதைப்பொருள் அவரைப் பழிவாங்கிவிட்டது. ஷோரரின் முடிவு இதுதான்.

இத்தீர்ப்புக்குப் பின்புலம் உண்டு. 1914-15இல் ஹென்றி ஜேம்ஸுக்கும் வெல்ஸுக்கும் நடந்த சச்சரவில், தன்னைக் கலைஞன் என்பதைவிடப் பத்திரிகையாளன் என்று அழைப்பதையே விரும்புவதாக வெல்ஸ் எழுதினார். ஷோரர் நிற்பது ஜேம்ஸின் பக்கம். கூடவே, ஹிரோஷிமாவுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து எழுதுகிறவர் அவர். விஞ்ஞானி ஒருவன் அழிவுக்கருவியைப் பெருமையோடு ஓட்டிச் செல்லும் காட்சியை 1948இன் வாசகர் அமைதியாகப் படித்திருக்க முடியாது. நவீன வரலாற்றின் பெரிய முரண் ஒன்றை வெல்ஸ் தொட்டுவிட்டிருக்கலாம் என்று ஷோரரே ஒத்துக்கொள்கிறார். தெரியாமல் தொட்டார் என்பதுதான் அவர் சேர்க்கும் திருத்தம்.

1966இல் டேவிட் லாட்ஜ் தம் 'லாங்வேஜ் ஆஃப் ஃபிக்ஷன்' நூலில் இதற்கு மறுப்பு எழுதினார். இந்நாவலின் உண்மையான பாத்திரம் இங்கிலாந்து என்ற நாடே. நோய், வீக்கம், அழுகல் ஆகிய சொற்கள் நூல் முழுவதும் ஓடி அதைக் கட்டுகின்றன என்று அவர் காட்டினார். அந்த மறுப்பு நாவலின் கட்டுக்கோப்பை மீட்டுத் தந்தது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் லாட்ஜின் பார்வை நாட்டின் மீது இருக்கிறது. என் கேள்வி இன்னும் சிறியது: அந்தக் கப்பலை யார் வாங்கப் போகிறார்கள்?

ஷோரர் கவனிக்காமல் விட்ட இடம் இதுதான். நூல் முடியும் தறுவாயில் ஜார்ஜ் ஒரு தகவலைச் சொல்லிவிட்டுப் போகிறான். எக்ஸ்2 பிரிட்டிஷ் பேரரசுக்காகக் கட்டப்பட்டதல்ல. எந்த ஐரோப்பிய வல்லரசின் கைக்கும் போகவிருப்பதல்ல. முதலில் தன் நாட்டுக்காரர்களிடம்தான் அதைக் கொடுக்க முன்வந்தானாம். அவர்கள் அவனோடு எந்தத் தொடர்பும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்கள். அதன் பிறகு அத்தகைய கேள்விகளுக்காக அவன் மனத்தை அலட்டிக்கொள்வதில்லை. கப்பல் நதியில் இறங்கி, கிரேவன் ரீச், பட்னி, வெஸ்ட்மின்ஸ்டர், செயின்ட் பால், டவர் பாலம் எனப் பழைய இங்கிலாந்து முழுவதையும் புத்தகத்தின் பக்கங்களைப் போலப் புரட்டிக் காட்டிய பிறகு வரும் தகவல் இது. வாசகர் கடற்காற்றில் இருக்கிறார். அறிவியலின் மகத்துவம் அப்போதுதான் பேசப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் கப்பல் ஒரு சரக்கு என்பதும், முதல் வாடிக்கையாளர் மறுத்ததால் வேறொருவருக்குப் போகிறது என்பதும் சொல்லப்படுகின்றன. இதை அறியாமல் எழுதிவிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்துச் சீசா விற்பதைப் பற்றி முழு நாவல் எழுதிய ஒருவர், கடைசிச் சரக்கின் கொள்முதல்காரரைப் பற்றித் தற்செயலாகவா எழுதியிருப்பார்?

அடைப்புக்குறிக்குள் ஒரு விதி

ஷோரரின் வாதத்தில் சொல்லாமல் நிற்கும் ஓர் அனுமானம் உண்டு. வெல்ஸுக்கு வாணிகம் தீமை, பொறியியல் நன்மை. இரண்டும் எதிரெதிர்க் கரைகள் என்பது அது. இதைச் சோதிக்க நாம் போக வேண்டிய இடம் 1905இல் வெளிவந்த 'எ மாடர்ன் யுட்டோப்பியா'. 1904 அக்டோபர் முதல் 1905 ஏப்ரல் வரை 'ஃபார்ட்நைட்லி ரிவ்யூ'வில் தொடராக வந்த நூல் இது. வில்லியம் மாரிஸ் 1890இல் கற்பனை செய்த உலகில் கடை இருந்தது, காசு இல்லை. புகைக்குழாய் கேட்டால் சிறுமி எடுத்துக் கொடுத்துவிடுவாள். வெல்ஸின் இலட்சிய உலகம் அப்படிப்பட்டதல்ல. அங்கே பணம் உண்டு, தனிச்சொத்து உண்டு, வியாபாரமும் உண்டு. ஆளும் பொறுப்பு மட்டும் 'சாமுராய்' என்ற தன்விருப்ப அறநெறிக் குழுவினரிடம் இருக்கிறது. அவர்களுடைய நெறி மூன்று பகுதிகளாலானது: தகுதிகள், விலக்குகள், கடமைகள்.

விலக்குகளில் ஒன்றுதான் நான் நெடுநாள் நின்று படித்த இடம். நிலையான வட்டிக்குக் கடன் கொடுப்பது சாமுராய்க்குத் தடை. அதோடு, திருப்பி விற்பதற்கென்றே வாங்குவதும் தடை. லாபத்தைப் பெருக்கவும் மதிப்பைப் பொய்யாக்கவும் அது மனிதனைத் தூண்டும் என்பது காரணம். விற்பனைக் கலையும் அதன் சாமர்த்தியங்களும் முற்றாக விலக்கு. இதற்கு விதிவிலக்கு ஒன்று வைக்கிறார்: இடையில் ஏதேனும் உற்பத்தி வேலை நடந்து சரக்கின் இயல்பே மாறியிருந்தால் விற்கலாம். உடனே ஓர் அடைப்புக்குறி போட்டு அந்த விதிவிலக்கையும் இறுக்குகிறார்: சரக்கின் அளவை மாற்றுவதோ, உறையை மாற்றுவதோ உற்பத்தியாகாது.

இலட்சிய உலகத்தைப் பாடும் நூலில் இந்த அடைப்புக்குறி எதற்கு? நிறைய நூல்கள் பெருங்கொள்கையோடு நின்றுவிடும் இடத்தில், இவர் மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் கட்டும் தந்திரத்தை முன்னறிந்து அடைக்கிறார். இந்த எச்சரிக்கை கடைக்குள் வளர்ந்தவனின் எச்சரிக்கை. வெல்ஸின் தந்தை ப்ரோம்லியில் பீங்கான் கடை வைத்து நொடித்தவர். வெல்ஸ் தாமே சிறுவயதில் மிட்ஹர்ஸ்டில் மருந்துக்கடையிலும், சவுத்ஸீயில் ஜவுளிக்கடையிலும் வேலை பழகியவர். உறை மாறினால் விலை மாறும் என்பதைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்த அனுபவம் அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

அதன் தொடர்ச்சியாக வருவது இன்னும் குறிப்பிடத்தக்கது. வெல்ஸ் அங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லும் தொழில்களில் மருத்துவமும் ஒன்று. தொழில் செய்யும் மருத்துவர் அனைவரும் சாமுராய்களாக இருக்க வேண்டும். நகராட்சியின் அல்லது அரசின் ஊழியராக அன்றி அவர்கள் மருந்து விற்கக் கூடாது. உறை மாற்றிய சரக்கு, விற்பனைக் கலை, மருந்து: மூன்றும் 1905இலேயே ஒரே பத்தியில் வந்துவிட்டன. அந்தப் பத்தியிலிருந்து 'டோனோ-பங்கே' முளைத்தது என்று நிறுவ எழுத்துச் சான்று எதையும் என்னால் காட்ட முடியாது. 1934இல் எழுதிய சுயசரிதையில் பால்ஸாக் பாணியில் ஒரு சமூகப் பெருங்காட்சியாக அதைத் திட்டமிட்டதாக மட்டும் வெல்ஸ் சொல்கிறார். ஆனாலும், சில ஆண்டு இடைவெளியில் எழுதிய இரண்டு நூல்களில் ஒன்று விதியாகத் தடுத்ததை மற்றொன்று கதையாக நடத்திக் காட்டும்போது, அதைத் தற்செயல் என்று சொல்பவர்தான் சான்று காட்ட வேண்டும்.

சீசா சறுக்கும் தொட்டி

எட்வர்ட் பொண்டரெவோ விம்பிள்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் மருந்துக்கடை வைத்து நொடித்தவர். அண்ணன் மகன் ஜார்ஜின் பரம்பரைப் பணத்தையும் சூதாட்ட முதலீட்டில் தொலைத்தவர். பிறகு டோனோ-பங்கே டானிக்கைக் கண்டுபிடித்து, ஆண்டுக்கு 300 பவுன் நிச்சயம் என்று ஜார்ஜுக்குத் தந்தி அடிக்கிறார். ஜார்ஜ் விஞ்ஞான மாணவன். அந்தச் சரக்கு சற்றே தீங்கு செய்யும் குப்பை என்று அவனுக்குத் தெரியும். சித்தப்பாவோடு சேர்ந்த பிறகு அவன் கையில் எடுப்பது மருந்தை அல்ல, சீசாவை.

ராகெட் தெருவில் ஜார்ஜ் அமைத்த பட்டறையை வெல்ஸ் நிதானமாக வரைகிறார். ஓடும் நீரால் வழுக்கலாக்கப்பட்ட சரிவான கண்ணாடித் தொட்டியில் சீசாக்கள் வரிசையாகச் சறுக்கி வருகின்றன. ஒரு முனையில் ஒரு பெண் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பழுதானதை ஒதுக்குகிறாள். வடிநீரும் 'உயிரூட்டும்' சேர்மானங்களும் தாமாகவே நிரம்புகின்றன. அதற்கான குழாய்களுக்கு ஜார்ஜ் காப்புரிமை வாங்கியிருக்கிறான். மறுமுனையில் இன்னொருத்தி தக்கையைச் செருகி மரச்சுத்தியால் தட்டுகிறாள். தொட்டியில் நீர்மட்டம் இறங்கினால் மிதவை ஒன்று ஓட்டத்தையே நிறுத்திவிடும். லேபிள் ஒட்டும் இயந்திரமும் அவனுடையதே. கடைசியில் மூவர் உறையிட்டு, இரண்டிரண்டு சீசாக்களுக்கு நடுவே நெளிநெளியான தாளை வைத்துப் பெட்டிக்குள் தள்ளுகிறார்கள்.

இந்த விவரிப்பில் ஏளனம் இல்லை. உண்மையான பொறியாளனின் கைத்திறன் இது. ஜார்ஜ் அதில் மகிழ்கிறான், வாசகரும் மகிழ்கிறோம். அதனால்தான் இக்காட்சி முக்கியமாகிறது. ஜார்ஜின் அறிவு முழுவதும் பாய்ந்திருப்பது அந்த அடைப்புக்குறிக்குள் விலக்கப்பட்ட வேலைக்குள்: அளவும் உறையும். உள்ளே இருக்கும் நீர் மாறவே இல்லை. வாணிகம் ஒரு கரை, பொறியியல் மறு கரை என்ற ஷோரரின் பிரிப்பு, நாவலின் இரண்டாம் பகுதியிலேயே உடைந்துவிடுகிறது. பின்னால் வரும் பறக்கும் கருவிகளும், 'லார்ட் ராபர்ட்ஸ்' என்று பெயரிட்ட வான்கலங்களும் டானிக் பணத்தில் உருவானவை. நொடித்துப்போன சித்தப்பாவைக் கடல் தாண்டி பிரான்சுக்குக் கடத்திச் செல்வதும் அப்படி ஒரு வான்கலமே.

விலையையும் பாருங்கள்: சீசா ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. அந்த ஒன்றரைப் பென்னி அரசாங்கத்தின் முத்திரை வில்லைக்கு. தயாரித்து விற்கும் ரகசிய மருந்துகளின் மீது பிரிட்டனில் நெடுங்காலம் இருந்த முத்திரை வரி அது. 1812ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வசூலிக்கப்பட்டது. அரசு உத்தரவாதம் தரவில்லை என்று வில்லையிலேயே அச்சிட வேண்டியிருந்தது. முத்திரையைக் கண்டு ஜனங்கள் ஏமாந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. நாவல் லண்டனில் நூலாக வந்த அதே 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 'சீக்ரெட் ரெமெடீஸ்' என்ற நூலில் இத்தகைய மருந்துகளைப் பகுத்தாய்ந்து, சேர்மானங்களின் அடக்கவிலையை அச்சிட்டுக் காட்டியது. குப்பையின் மீது அரசு முத்திரை குத்தி வரி வாங்கியது. நாவலின் முடிவில் அதே அரசு கப்பலை வேண்டாமென்கிறது. இந்த இரண்டையும் ஒரே ஆசிரியர் ஒரே நூலில் வைத்திருக்கிறார்.

மூன்று சரக்குகள்

டானிக்குக்கும் கப்பலுக்கும் நடுவே 'க்வாப்' வருகிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் மோர்டெட் தீவில் குவிந்து கிடக்கும் கதிரியக்க மண் அது. சரியும் சாம்ராஜ்யத்தைத் தாங்கிப் பிடிக்க ஜார்ஜ் அதைத் திருடி வரப் போகிறான். அங்கே ஓர் ஆப்பிரிக்கரைச் சுட்டுக் கொல்கிறான். மண் ஏற்றிய 'மாட் மேரி' என்ற கப்பல் அந்த மண்ணாலேயே அரிக்கப்பட்டு மூழ்குகிறது. ஷோரர் இதைக் கான்ராட் சாயல் என்று ஒதுக்குகிறார். சரக்குகளின் வரிசையில் வைத்தால் இதற்கு வேறு பொருள் கிடைக்கிறது. டானிக் உறை மட்டும் மாற்றி விற்றது. க்வாப் உற்பத்தியும் செய்யாமல் விலையும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டது. எக்ஸ்2 மட்டுமே உண்மையாகச் செய்யப்பட்டது: இரும்பு உருமாறி, சரக்கின் இயல்பே மாறிய பொருள்.

இப்போது 1905ஆம் ஆண்டு விதியைக் கையில் எடுத்து மூன்றையும் சோதிப்போம். டானிக் தோற்கும். க்வாப் தோற்கும். நாசகாரி தேறிவிடும்! உற்பத்தி நடந்திருக்கிறது, இயல்பு மாறியிருக்கிறது. விதிவிலக்கு அதற்குப் பொருந்துகிறது. தான் வகுத்த விதி எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கத் தவறுகிறது என்பதை வெல்ஸ் இந்த நாவலில் கண்டுகொண்டார் என்பது என் துணிபு. ஷோரர் கேட்ட 'கண்டறிதல்' இதுவே. நாவல் என்ற வடிவம் இல்லாவிட்டால் வெல்ஸுக்கு இது புலப்பட்டிருக்காது. உத்தியை மறுத்ததால் அவர் பொருளை இழந்தார் என்ற தீர்ப்பை இங்கே திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

தனியார் பட்டறையில் கட்டிய போர்க்கலம் பிற நாட்டுக்கு விலையாவது அன்று கற்பனை அல்ல. 1908 செப்டம்பரில்தான் பிரேசிலுக்காகக் கட்டிய 'மினாஸ் ஜெராயிஸ்' என்ற பெரும் போர்க்கப்பல் ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் எல்ஸ்விக் தளத்திலிருந்து நீரில் இறங்கியது. அதற்கு முன்பே 1905 நவம்பரில் ஷாவின் 'மேஜர் பார்பரா' லண்டனில் மேடையேறியிருந்தது. நியாய விலை கொடுக்கும் எவருக்கும் ஆயுதம் விற்பதே தொழில் தர்மம் என்று நிற்கும் அண்டர்ஷாஃப்ட், தன் தொழிலாளருக்கு ஒரு முன்மாதிரி நகரமே கட்டி வைத்திருக்கிறான். இலட்சியபுரியை ஆயுத வியாபாரி எழுப்பும் கதையை லண்டன் ஏற்கெனவே பார்த்துவிட்டது. அதன் பிறகு எழுதிய வெல்ஸ், எக்ஸ்2இன் விற்பனையைக் கவனமின்றி எழுதியிருப்பார் என்பதை நம்புவது கடினம்.

இன்னொரு முன்மாதிரியும் உண்டு. 1897 ஜூன் 26 அன்று, விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காக ஸ்பிட்ஹெட்டில் கடற்படை அணிவகுத்து நின்றபோது, சார்ல்ஸ் பார்சன்ஸின் 'டர்பைனியா' அழைப்பின்றி வரிசைகளுக்கிடையே பாய்ந்து ஓடியது. அதைத் துரத்திப் பிடிக்கக்கூடிய கலம் அங்கே இல்லை. அந்த ஓட்டம் பொறியியல் சாதனை. அதே சமயம் கடற்படைக்குக் காட்டிய விளம்பரம். ஜார்ஜின் தேம்ஸ் ஓட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்பிட்ஹெட் நினைவுக்கு வருகிறது. இரண்டையும் இணைக்கும் வாக்குமூலம் கிடையாது. ஆனால் வேகமாக ஓடும் கலம் தனக்குத்தானே விற்பனையாளனாகும் என்பதை ஆங்கில வாசகர்கள் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கண்ணால் கண்டிருந்தார்கள்.

எஞ்சும் ஐயங்கள்

ஷோரருக்குச் சாதகமானதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே இறுதிப் பகுதியில், குழப்பங்களுக்கெல்லாம் அப்பால் ஒலிக்கும் ஒன்றை ஜார்ஜ் சில சமயம் அறிவியல் என்றும் சில சமயம் உண்மை என்றும் அழைக்கிறான். தன் நாசகாரியை அதன் குறியீடாக்குகிறான். பெரும்பாலான மனித நலன்களோடு அக்கலத்துக்குச் சம்பந்தமில்லை என்றும் அவனே சொல்கிறான். இந்தப் பரவசத்தில் வெல்ஸின் சொந்தக் குரல் எந்த அளவு கலந்திருக்கிறது என்பதை என்னால் அறுதியிட முடியவில்லை. கதைக்கு 'விரயம்' என்றே பெயரிட்டிருக்கலாம் என்று ஜார்ஜ் சொல்லும் வாக்கியம் இந்தப் பரவசத்துக்கு அருகிலேயே இருக்கிறது. எந்த ஒன்றை ஆசிரியரின் இறுதிச் சொல்லாகக் கொள்வது என்பதில் நேர்மையான இரு வாசகர்கள் மாறுபடலாம். முரண்நகையே இல்லை என்ற முடிவை மட்டும் ஏற்க முடியாது.

காலக்கணக்கிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. நூலின் நியூயார்க் பதிப்பு (டஃபீல்ட்) 1908 என்றும், லண்டன் பதிப்பு (மாக்மில்லன்) 1909 என்றும் ஆண்டு தாங்குகின்றன. 1908 டிசம்பரில் தொடங்கிய 'இங்கிலிஷ் ரிவ்யூ'வின் முதல் இதழிலிருந்து இது தொடராகவும் வந்தது. எந்தப் பாடத்தை முதல் பாடம் என்பது? ஃபேபியன் சங்கத்திலிருந்து வெல்ஸ் விலகியது 1908 செப்டம்பரில். இலட்சியச் சமுதாயத்தைக் குழு சேர்ந்து கட்டலாம் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்ட காலமும், இந்நாவல் அச்சேறிய காலமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இறுதி அத்தியாயத்தின் கசப்புக்கு அந்த முறிவைக் காரணமாக்கும் ஆசை எழுகிறது. நான் அதைத் தவிர்க்கிறேன். நாள்கள் அவ்வளவு துல்லியமாக ஒத்துழைக்கவில்லை. சித்தப்பாவின் வீழ்ச்சிக்கு, 1904 ஜனவரியில் தண்டனை பெற்ற அன்றே நீதிமன்றக் கட்டடத்துக்குள் நஞ்சருந்தி இறந்த நிதி மோசடிக்காரர் விட்டேகர் ரைட் முன்மாதிரி என்பது மட்டும் பரவலாக ஏற்கப்பட்டது. கதைக்குள் அந்த வீழ்ச்சி எந்த ஆண்டில் நிகழ்கிறது என்பதும் தெளிவாக இல்லை.

பிற்கால வெல்ஸைப் பார்த்தால் 1905ஆம் ஆண்டு விதி நின்றுவிடவில்லை என்பது தெரியும். 1926இல் வந்த 'தி வேர்ல்ட் ஆஃப் வில்லியம் கிளிசோல்ட்' நாவலில், கதை சொல்பவரின் அண்ணன் டிக்கன் ஒரு விளம்பரத் தொழில் முன்னோடி. விளம்பரம் பொதுமக்களுக்குக் கல்வியாகும் என்று அவன் நம்புகிறான். உலகைத் திருத்தும் முயற்சியில் பெருந்தொழில் செய்வோரும் கூட்டாளிகள் என்ற பேச்சு அங்கே எழுகிறது. சாமுராய்க்கு விலக்கப்பட்ட விற்பனைக் கலை, இருபது ஆண்டுகளில் உள்ளே அனுமதிக்கப்பட்டுவிட்டது. இந்த மாற்றத்தின் நடுப்புள்ளி 1909. அந்த நடுப்புள்ளியில் வெல்ஸ் வாணிகத்தை மன்னிக்கவும் இல்லை, வெளியே தள்ளவும் இல்லை. சீசா சறுக்கும் தொட்டியிலிருந்து கடலில் பாயும் கலம் வரை ஒரே மனிதனின் ஒரே கைத்திறன் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே போனார். எக்ஸ்2ஐ வாங்கியவர் யார் என்பதை நாவல் சொல்வதில்லை. எந்த ஐரோப்பியக் கைக்கும் போகவில்லை என்பதோடு ஜார்ஜ் நிறுத்திக்கொள்கிறான். வாங்குபவர் பெயரைக் கேட்காத விதி போதுமான விதியா என்ற கேள்வியை, 1905ஆம் ஆண்டு அடைப்புக்குறிக்கு அந்த மௌனம் திருப்பி அனுப்புகிறது. இறுதி அத்தியாயத்தை இனிப் படிப்பவர்கள் அறிவியலைப் பற்றிய பக்கங்களோடு நின்றுவிடாமல், விற்பனையைப் பற்றிய அந்த ஒரு பத்தியையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.